ஃபீனால் தின்னும் கூட்டம்

திருப்பூரிலிருந்து ரம்யா பேசினாள். என்னிடம் கடைசியாக வேலை பழகிய பெண். இப்போது அங்கே ஒரு சாயப்பட்டறையின் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள். துணியை வெளுக்கப் போடும் பெராக்சைடு மிச்சம் நின்றுவிட்டால் சாயம் பிடிக்காது. அந்த மிச்சத்தை முறிக்க, பாக்டீரியாவிலிருந்து எடுத்த என்சைம் ஒன்றைப் பொடியாக வாங்குகிறார்களாம்.

"பாக்கெட்டைக் கத்தரிச்சுக் கொட்டினா போதும் மேடம். ஒரு டீ குடிச்சுட்டு வந்து பார்த்தா தண்ணி சுத்தம். உங்க காலத்துல எல்லாம் எப்படி மேடம் பண்ணீங்க?"

ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு போனை வைத்தேன். ஆனால் கேள்வி போகவில்லை. ஐம்பத்தைந்தில் வேலை முடிந்தது, வீட்டில் உட்கார்ந்தால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, எழுதிப் பார்க்கிறேன். பதில் நீளம், ரம்யா. பதிலில் சேறு இருக்கிறது. ஒரு சேட் இருக்கிறார். மீன் இருக்கிறது. பாக்கெட்டில் அடங்காது.

எழுபதுகளின் நடுவில், எறணாகுளத்தில் பி.எஸ்ஸி முடித்த கையோடு மட்டாஞ்சேரிக்கு வேலைக்குப் போனேன். அப்பா அங்கே ஒரு குருமிளகுக் கிடங்கில் கணக்கர். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து, வீட்டுக்குள் தமிழும் வாசல்படி தாண்டினால் மலையாளமுமாகப் பிழைத்த குடும்பம். கிடங்குக்கு மேல்மாடியில் ஒரு சின்ன ஆய்வுக்கூடம். ஏற்றுமதிக்குப் போகும் மிளகையும் இறாலையும் சோதித்துச் சொல்லும் இடம். கீழே சுக்கும் மிளகும் காயும். மேலே நாங்கள் தும்மிக்கொண்டே பாக்டீரியா வளர்ப்போம்.

அதை நடத்தியவர் டாக்டர் அன்னம்மா. உட்காரவே மாட்டார். நாற்காலி இருந்தது, அதில் புத்தகங்கள் உட்கார்ந்திருந்தன. எதையும் முதலில் மூக்கால் படிப்பார், பிறகுதான் கண். கிருமி என்ற சொல் அவர் முன்னால் வரக்கூடாது. "ஆள்காரு" என்பார். நம்முடைய ஆட்கள் என்று அர்த்தம். காலையில் படியேறி வந்ததும், "நம்மட ஆள்காரு என்ன சொல்றாங்க, கொச்சே?" என்றுதான் கேட்பார். சின்னப் பெண்ணே என்று கூப்பிடுகிற அந்தக் 'கொச்சே' எனக்கு ஐம்பது வயதானபோதும் மாறவில்லை.

முதல் நாள். ஒரு கண்ணாடித் துண்டில் எதையோ தடவினார். என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அதன்மேல் ஒரு சொட்டு பெராக்சைடு விட்டார். அவ்வளவுதான். சோடா உடைத்ததுபோலப் பொங்கியது. வெறும் கண்ணாடி மாதிரி இருந்த இடத்திலிருந்து வெள்ளை நுரை எழுந்து நின்றது.

"பார்த்தியா? அவ்வளவு பேர் அங்க இருக்காங்க. விஷம் போட்டேன். முறிச்சுட்டு மூச்சு விட்டுட்டாங்க."

ரம்யா, உன் பாக்கெட்டில் இருப்பது அந்த நுரைதான். அன்றைக்கு நான் பார்த்ததைப் பொடியாக்கி விற்கிறார்கள்.

அடுத்த வருடங்களில் கற்றதையெல்லாம் விட்டுவிடுகிறேன். பிளாட்டினக் கம்பியை மட்டும் சொல்ல வேண்டும். சில பாக்டீரியாக்களிடம் ஆக்சிஜனைக் கையாளும் ஒரு என்சைம் உண்டு. மருந்து நனைத்த காகிதத்தில் அவற்றைத் தேய்த்தால் ஊதா நிறம் வரும். எடுக்கிற கம்பி மட்டும் பிளாட்டினமாக இருக்க வேண்டும். சாதாரணக் கம்பியில் இரும்பு இருக்கும், அதுவே காகிதத்தை ஊதாவாக்கிவிடும். "அது கம்பியோட மூச்சு. எனக்கு ஆளோட மூச்சுதான் வேணும்" என்பார் டாக்டர். கழுத்தில் ஒரு மணிப் பொன் கிடையாது அவருக்கு. அந்தக் கம்பியை மட்டும் பஞ்சில் சுற்றி வைத்திருந்தார்.

ஒருநாள் அந்தோணிச் சேட்டன், அதாவது அந்தோணி அண்ணன், படியேறி வந்தார். கால்வாய் வாயில் சீனவலை வைத்திருந்தவர். பெரிய மரக்கழிகளில் தொங்கும் வலை. கடல்நீர் ஏறி வரும் வேலியேற்றத்தோடு இறக்கி, கல் கட்டிய கயிற்றை இழுத்துத் தூக்குவார்கள். வாழையிலையில் சுற்றிய ஒரு திருதை மீனை, நம் ஊரில் மடவை என்பார்களே அதை, டாக்டரின் மேசைமேல் தொப்பென்று வைத்தார்.

"டாக்டரே, இது மீனா மருந்தா? நீங்க பறயணும்."

டாக்டர் குனிந்து முகர்ந்தார். நானும் முகர்ந்தேன். தரை கழுவிய ஆஸ்பத்திரி வராந்தாவின் வாடை.

"கார்பாலிக். ஃபீனால்" என்றார் டாக்டர்.

"பேரு எனக்கு வேண்டாம். சந்தையில வேற பேரு வச்சாச்சு. ஆஸ்பத்திரி மீன்! 'அந்தோணி, இதை வறுத்துத் தின்னா டாக்டர் ஃபீஸ் மிச்சமாடா'ன்னு ஒருத்தி கேக்கறா. கழுவிப் பொறுக்கி வச்சாலும் யாரும் குனிஞ்சு பார்க்கலை. ரீத்தா பூனைக்குப் போட்டா. பூனை என்னைப் பார்த்துச்சு."

ரீத்தா அவர் மனைவி. அந்த வலை அவருடைய அப்பா வைத்தது. அக்கரையில் வைப்பின் தீவில் ஒருவர் வலையை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். மழைக்காலம் முடியும்வரை பார்ப்பது, அப்போதும் இந்த வாடை போகாவிட்டால் வலையை விற்றுவிட்டு கும்பளங்கியில் மச்சானுடைய செம்மீன் கெட்டில், இறால் வளர்க்கும் வயலில், கூலிக்குப் போவது என்று முடிவு செய்திருந்தார் அந்தோணி. "கூலிக்குப் போறது கேவலமில்லை டாக்டரே. ஆனா மீனைக் கையில எடுத்தா மீன் வாடை அடிக்கணும். அதுகூட இல்லைன்னா நான் யாரு?"

வாடை எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டியிருக்கவில்லை. கால்வாயின் மேல்கரையில் ஹீராசந்த் சேட்டின் பலகை ஆலை. தேயிலைப் பெட்டிகளுக்கான ஒட்டுப்பலகை செய்தார்கள். பசையை அங்கேயே ஃபீனால் சேர்த்துக் காய்ச்சினார்கள். கொப்பரை கழுவிய தண்ணீர் கால்வாயில் இறங்கியது.

மூன்று தலைமுறையாக மட்டாஞ்சேரியில் இருக்கிற குஜராத்தி ஜைனர் சேட். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார், தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்க மாட்டார். கோயிலில் மத்தியானம் புறாக்களுக்குத் தானியம் போடுவதில் முதல் கை அவருடையது. அவரிடம் டாக்டர் விஷயத்தைச் சொன்னபோது நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"என் தண்ணியால மீன் சாகறதா, டாக்டர் பென்?" சகோதரி என்பதைத்தான் அப்படிச் சொல்வார்.

"சாகலை சேட்ஜி. நாறுது."

"செத்தாலாவது ஈ வரும்" என்றார் வாசலில் நின்ற அந்தோணி. "இதுக்கு ஈயும் வரலை."

செலவு என்ன என்று சேட் கேட்கவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் கேட்டார். அப்படித்தான், கழுவுநீரைச் சுத்தம் செய்து கால்வாயில் விட, ஆலைக்குப் பின்னால் தொட்டி கட்ட ஆரம்பித்தார்கள். அடியில் காற்று ஊதும் குழாய்களோடு ஒரு சிமெண்டுத் தொட்டி.

தொட்டி சரி. அதில் வேலை செய்ய ஆட்கள்?

கொப்பரைக் கொட்டகையின் பின்பக்கம் ஒரு ஓடை. கழுவுநீர் வருடக்கணக்கில் சொட்டிய இடம். புல் இல்லை, புழு இல்லை, கறுப்புச் சேறு மட்டும். டாக்டர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அங்கே மண்டியிட்டு, ஸ்பூனால் சேற்றை வழித்தார். "இங்க பிழைச்சவன் எவனோ அவன்தான் நமக்கு வேணும், கொச்சே."

பிறகு செய்தது இதுதான். குடுவையில் தண்ணீர், கொஞ்சம் உப்புகள், உணவாக ஃபீனால் மட்டும். வேறு எதுவும் கிடையாது. அதில் ஒரு துளி சேறு. குலுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், காற்று வேண்டும் அவர்களுக்கு. சில நாள் ஒன்றும் நடக்காது. பிறகு ஒரு காலை தண்ணீர் லேசாகக் கலங்கியிருக்கும், விடியற்காலை காயல் மேல் பனி இருக்குமே, அப்படி. அந்தக் கலங்கலில் கொஞ்சத்தைப் புதுக் குடுவைக்கு மாற்றி, ஃபீனாலை ஒரு சொட்டு கூட்டுவோம். மறுபடி காத்திருப்போம். மறுபடி மாற்றுவோம். அதிகமாகப் போட்டால் செத்துப்போவார்கள், குறைவாகப் போட்டால் சோம்பேறியாவார்கள். பொறுக்க முடிந்தவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். கடைசியில் தட்டில் பரப்பியபோது வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். எல்லாம் ஒரே மாதிரி. யார் வேலைக்காரன், யார் சும்மா ஒட்டிக்கொண்டு வந்தவன்?

டாக்டர் கடைத்தெருவிலிருந்து அத்தர் தெளிக்கும் ரப்பர் பந்துக் குப்பி ஒன்றை வாங்கி வந்தார். அதில் கேட்டகால் கரைசலை ஊற்றினார். ஃபீனாலை இவர்கள் தின்னும்போது நடுவழியில் அதுவாகத்தான் மாற்றுகிறார்கள். தட்டைத் திறந்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பந்தை ஒரு தடவை அமுக்கினார்.

எப்படி எழுதுவது இதை? வெள்ளைப் புள்ளிகளில் சில, பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மஞ்சளாயின. மெதுவாக அல்ல. கொன்றைப்பூ மஞ்சள். ஒன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று, தட்டின் ஓரத்தில் ஒரு கொத்து. மற்றவை வெள்ளையாகவே சும்மா இருந்தன. கீழே கிடங்கில் யாரோ மூட்டை எண்ணிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் மேசைத் தூசியில் விரலால் ஓர் அறுகோணம் வரைந்தார். "இதுதான் அந்த வளையம். ஆறு கார்பன் கை கோத்து நிக்குது. நாம இதை உடைக்கணும்னா உலை வேணும், அமிலம் வேணும். இவங்க என்ன பண்றாங்க? காத்துல இருக்கற ஆக்சிஜனை எடுத்து, இங்க..." கோட்டின் ஓர் இடத்தில் நகத்தால் கீறினார். "இங்க செருகறாங்க. கதவு திறந்துருது. அந்தத் திறந்த கதவோட நிறம்தான் மஞ்சள்."

நாம் மூச்சுக்கு மட்டும் வைத்திருக்கும் காற்றை இவர்கள் சாவியாக வைத்திருக்கிறார்கள். சூடில்லை, சத்தமில்லை. அறை வெப்பத்தில், ஒரு ஸ்பூன் தண்ணீரில். அன்றைக்குப் பிறகு எனக்கு எந்தச் சேறும் வெறும் சேறாகத் தெரிந்ததில்லை.

பெரிய கண்ணாடி ஜாடிகளில் அவர்களை வளர்த்து, வள்ளத்தில் ஏற்றிக் கால்வாய் வழியே ஆலைக்குக் கொண்டுபோனோம். தொட்டியில் ஊற்றினோம். கழுவுநீரை நூலாக விட்டோம். ஒரு சிட்டிகை உரம், நிறையக் காற்று. தினமும் தண்ணீர் எடுத்து மருந்து சேர்த்துப் பார்ப்பேன். ஃபீனால் இருந்தால் சிவக்கும். முதலில் செம்பருத்திச் சிவப்பு. பிறகு ரோஜா. பிறகு, உற்றுப் பார்த்தால்தான் சிவப்பு என்று தெரியும். அந்தோணியின் மீனிலும் வாடை இறங்கியது. "பூனை இப்ப தின்னுது" என்று செய்தி அனுப்பினார். "மனுஷனுக்கு இன்னும் கொஞ்சம் போகணும்."

அந்த நாட்களில் ஒரு காலை, சேட் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக் குனிந்து பார்த்தார். "இதுக்குள்ள எத்தனை ஜீவன் இருக்கும், டாக்டர் பென்?"

"ஒரு ஸ்பூன் எடுங்க சேட்ஜி. கொச்சி ராஜ்யத்துல இதுவரை பொறந்த மனுஷங்களைவிட அதுல ஜாஸ்தி."

சேட் நுரை தள்ளும் அந்தப் பழுப்புத் தண்ணீரைப் பார்த்துக் கைகூப்பினார். "எனக்காக விஷம் தின்னறாங்க" என்றார்.

"அவங்களுக்கு அது விஷம் இல்லை. சாப்பாடு."

"நீங்க சொல்றீங்க" என்றார் சேட்.

மழை குறையத் தொடங்கியது. ஜைனர்களின் பர்யூஷண் நோன்பு வந்து முடிந்தது. அதற்குச் சில நாட்களுக்குப் பின் என் கண்ணாடிக்குழாயில் மறுபடி ரோஜா நிறம். மறுநாள் செம்பருத்தி. கை தவறியிருக்கும் என்று மருந்தைப் புதிதாகக் கலந்து பார்த்தேன். செம்பருத்திதான்.

அந்தோணி இந்த முறை மீன் கொண்டு வரவில்லை. வெறும் கையை டாக்டரின் மூக்குக்கு நேராக நீட்டினார். மறுபடி ஆஸ்பத்திரி வராந்தா. "வைப்பின்காரன் ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் வர்றான். வாக்குக் கொடுத்தாச்சு டாக்டரே. உங்க மேல கோபம் இல்லை."

டாக்டர் குடையை எடுத்தார்.

ஆட்கள் செத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சாவாவது! முன்பைவிடக் கூட்டம். கொழுத்து, நெருக்கியடித்து, திருவிழாபோல நீந்துகிறார்கள். அதுதான் பயமாக இருந்தது. இவ்வளவு பேர் இருக்க, ஃபீனாலை ஒருவரும் தொடவில்லை. டாக்டர் தொட்டிச் சேறு கொஞ்சத்தை ஒரு வெள்ளைச் சாஸரில் எடுத்து அத்தர்க் குப்பியால் தெளித்தார். நின்றோம். பழுப்பு பழுப்பாகவே இருந்தது. சாவி வைத்திருந்தவர்கள் சாவியைக் கீழே போட்டுவிட்டார்கள்.

டாக்டர் தொட்டியைச் சுற்றி நடந்தார். காற்று வருகிறதா என்று பார்த்தார், வருகிறது. உரம்? சரி. கழுவுநீர்? அதே நூல்தான். பிறகு, தன் வழக்கப்படி, குனிந்து நுரையை முகர்ந்தார். நிமிர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

"கொச்சே, இங்க வா. என்ன மணம்?"

"புளிச்ச கள்ளு மாதிரி."

"இதுக்கு யாரு இனிப்பு கொடுத்தது?"

ஆலையில் வேலை செய்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பின்னாலிருந்து நிம்மதியான குரல் ஒன்று வந்தது.

"நான்தான், டாக்டர் பென்." ஹீராசந்த் சேட். முகத்தில் ஒளிவு இல்லை, கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "நோன்பு முடிச்சு நாங்க எல்லாரும் பாரணை பண்ணினோம். புறாவுக்குப் போட்டோம், பசுவுக்குக் கொடுத்தோம். இவங்களுக்கு மட்டும் கசப்பா? அன்னிலேர்ந்து காலையில ஒரு அண்டா வெல்லத் தண்ணி. நல்ல வெல்லம். மறையூர் வெல்லம்."

டாக்டர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தொட்டித் திண்டில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

"சேட்ஜி, இலையில பாயசமும் கஷாயமும் வச்சா நீங்க எதைத் தொடுவீங்க?"

சேட்டுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் முகம் சுருங்கியது.

"வெல்லம் இருக்கறவரைக்கும் ஃபீனாலை உடைக்கற என்சைமை அவங்க செய்யவே மாட்டாங்க. எதுக்குச் செய்யணும்? அதுவுமில்லாம வெல்லம் மட்டும் தின்னத் தெரிஞ்ச வேற ஆள்காரு வந்து இடத்தைப் பிடிச்சாச்சு. இனிமே வெல்லம் கூடாது. கொஞ்ச நாள் ஒண்ணுமே கூடாது. பட்டினி."

"பட்டினியா?"

"நீங்க உபவாசம் இருக்கறீங்களே சேட்ஜி. அதுபோலத்தான்."

"இல்லை" என்றார் சேட். குரல் உயரவில்லை. "உபவாசம் அவங்கவங்க எடுக்கறது. இன்னொருத்தன் மேல போட்டா அது உபவாசம் இல்லை. அது வெறும் பட்டினி."

காற்றுக் குழாய் மட்டும் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. கால்வாய்க்கு அப்பால் அந்தோணியின் வலை தூக்கிய நிலையில், வேலியேற்ற நேரத்திலும் இறங்காமல், வெறுமனே நின்றது. சேட் அதை ரொம்ப நேரம் பார்த்தார்.

பிறகு பசைக் கொப்பரையை நிறுத்தச் சொன்னார். வேலைக்காரர்களைப் பலகை அடுக்க அனுப்பினார். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.

"இவங்க சாப்பிடறவரைக்கும் நானும் சாப்பிடலை" என்றார்.

"சேட்ஜி, வேண்டாம். அவங்களுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்."

மாடி ஆய்வுக்கூடத்தில் பத்திரப்படுத்தியிருந்த பழைய ஆட்களின் வம்சத்தை எடுத்து ஜாடிகளில் வளர்த்தோம். தொட்டியின் வெல்லத் தண்ணீரை வடித்து, மிஞ்சியவர்களைப் பட்டினி போட்டு, புது ஆட்களை விட்டு, ஃபீனாலைச் சொட்டுச் சொட்டாகக் காட்டினோம். சேட் பகலெல்லாம் அங்கேயே இருந்தார், காய்ச்சிய தண்ணீர் மட்டும். அந்தோணி வந்து பார்த்துவிட்டு என்னிடம் கிசுகிசுத்தார்: "எனக்காகவா இருக்காரு, பூச்சிக்காகவா?" "தெரியலை சேட்டா" என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான் போல" என்று சொல்லிவிட்டு, பீடியைப் பற்றவைக்காமலே காதில் செருகிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை காலை, டாக்டர் சாஸரில் சேற்றை எடுத்தார். குப்பியை என்னிடம் கொடுத்தார். அமுக்கினேன். மூன்று தலைகள் ஒரு சாஸர்மேல் கவிழ்ந்திருந்தன. முதலில் ஓரத்தில் ஓர் இழை. அப்புறம் அது பரவியது. பழுப்புக்குள்ளிருந்து மஞ்சள் கசிந்து, சாஸர் முழுதும் கொன்றை பூத்தது.

"சாப்பிடறாங்க" என்றார் டாக்டர்.

சேட் எழுந்தார். தடுமாறி என் தோளைப் பிடித்துக்கொண்டார். கையில் பாரமே இல்லை. "அப்போ நானும் வீட்டுக்குப் போறேன், பென்" என்றார்.

சாயங்காலம் என் குழாயில் சிவப்பு தேட வேண்டியிருந்தது. வேலியேற்றமும் இறக்கமும் கால்வாயைக் கழுவின. ரீத்தா சேச்சி ஒரு மீனை உப்புகூடப் போடாமல் மூடி வேகவைத்து, மூடியைத் திறந்து ஆவியில் முகத்தைக் கொடுத்தாள். எங்களைப் பார்த்தாள். "மீன்" என்றாள்.

ஞாயிறு கழிந்த காலை டாக்டரும் நானும் கரைக்குப் போனோம். ஆலை பற்றியோ தொட்டி பற்றியோ அங்கே யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. வலைக்குக் கீழே தட்டில் திருதை துள்ளிக்கொண்டிருந்தது. ஒரு தடித்த அம்மாள் குனிந்து, செவுளைத் தூக்கிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினாள்.

"இது திருதையா, திருதையோட பேரனா? இந்தச் சைஸுக்கு இந்த விலையா? உனக்கு மனசாட்சி இருக்கா அந்தோணி?"

"உன் கண்ணுக்குத் திமிங்கலமே நெத்திலிதான்! எடுக்கறதுன்னா எடு, இல்லேன்னா தட்டை மறைக்காதே!"

"வாயைப் பாரு! உன் மீனை யாருடா தின்பா?"

"நீதான் தின்பே! நாளைக்கும் வருவே!"

அந்தோணியின் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, கண் மட்டும் பளபளவென்று இருந்தது. எத்தனையோ மாதங்களாக அவரோடு யாரும் விலை பேசிச் சண்டை போட்டதில்லை. டாக்டர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓர் ஆள் முன்னால் வந்தார். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் குடை. வைப்பின்காரர். "அந்தோணி, அந்த வலை விஷயம்..."

"கண்ணு தெரியலையா? யாவாரம் நடக்குது" என்றார் அந்தோணி, திரும்பாமலே. "தள்ளி நில்லு சேட்டா, நிழல் மீன் மேல விழுது."